ஓரியூர்ச் செம்மண்ணின் வேதசாட்சி: புனித அருளானந்தர்

தமிழ்நாட்டின் இராமநாதபுரச் சீமையிலே, தொண்டிக் கரையிலிருந்து சில மைல் தூரத்தில், ஓரியூர் என்றொரு சிற்றூர் உண்டு. அங்குள்ள ஆலயத்துக்கு யாத்திரை போய் வருவோர், மற்றத் திருத்தலங்களிலிருந்து எண்ணெயும் மெழுகுதிரியும் கொண்டுவருவது போல, அங்கிருந்து ஒரு பிடி சிவந்த மண்ணைத் துணியில் முடிந்து கொண்டுவருவர். பிள்ளையில்லாதவர்கள், தீராத வியாதிக்காரர், வழக்கில் அகப்பட்டவர்கள் என்று பலரும் அந்த மண்ணை நம்பிக்கையோடு வைத்திருப்பர். ஒரு குருவானவரின் இரத்தம் சிந்தியதால் அந்த மண் சிவந்தது என்பது பரம்பரை நம்பிக்கை. மண் சிவந்திருப்பதற்கு மண்ணியலார் வேறு காரணம் கூறக்கூடும். அதைப்பற்றி இங்கு வாதமில்லை. 1693ம் ஆண்டு மாசி மாதம் 4ம் திகதி அவ்விடத்திலே போர்த்துக்கல் தேசத்துக் குருவானவர் ஒருவர் சிரச்சேதம் செய்யப்பட்டார் என்பது மட்டும் ஐயத்துக்கு இடமில்லாத சரித்திரம்.

நமது குடும்பங்களில் அருளானந்தம் என்ற பெயரும், பிறிற்றோ என்ற பெயரும் எத்தனையோ பேருக்கு இடப்பட்டிருக்கின்றன. இரண்டும் ஒருவருடைய பெயரே என்பதைப் பெயர் வைத்த பெற்றோர் சிலரும் அறியார். கடவுளின் அருளைக் குறிக்கும் யோவான் என்ற எபிரேயப் பெயரைத் தமிழாக்கி, அருளானந்தர் என்று தம்மை அழைத்துக்கொண்டவர் யோவான் தெ பிறிற்றோ. அவர் கொலையுண்டது விக்கிரகங்களைக் கண்டித்ததற்காக என்று பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். அதுவும் உண்மையே. ஆனால் வாள் அவருடைய கழுத்தை நாடி வந்ததற்கு உடனடிக் காரணமாய் இருந்தது ஒரு வீட்டு விஷயம். ஒருவன் எத்தனை பெண்களுக்குக் கணவனாய் இருக்கலாம் என்ற கேள்வியே அது.

அவர் 1647ம் ஆண்டு பங்குனி மாதம் 1ம் திகதி லிஸ்பன் மாநகரில் உயர்குடியிலே பிறந்தார். தந்தையார் பிரேசில் நாட்டிலே அரச பிரதிநிதியாய் இருக்கையில், பிள்ளை தந்தையின் முகத்தை மனதில் பதிக்குமுன்னரே காலமானார். சிறுவயதிலேயே அரண்மனையில் சேவகப் பாலகனாய்ச் சேர்க்கப்பட்டு, தம்மிலும் ஒரு வயது இளையவரான இளவரசர் பேதுருவுக்கு விளையாட்டுத் தோழனானார். கடும் நோய் வந்து வைத்தியர் கைவிட்ட சமயத்தில், தாயார் பிரான்சிஸ் சவேரியாரிடம் நேர்த்தி வைத்தார். பிள்ளை பிழைத்தால் ஒரு வருஷம் முழுவதும் அவனுக்கு யேசு சபையாரின் அங்கியை உடுத்துவேன் என்பதே அந்த நேர்த்தி. பட்டும் பொன்னும் நிறைந்த அரண்மனையிலே கறுப்பு அங்கியோடு ஒரு பையன் திரிந்தான். நம் ஊர்களிலும் அந்தோனியாருக்கு நேர்ந்து குழந்தைகளுக்குக் கபில அங்கி தைத்துப் போடுகிறோமல்லவா? ஒரு வருஷம் முடிந்ததும் அங்கியைக் கழற்றி மடித்து வைத்துவிடுகிறோம். அந்தத் தாயாரும் அப்படித்தான் நினைத்திருப்பார். பையனோ 1662ம் ஆண்டு மார்கழி 17ம் திகதி, 15 வயதிலே, மெய்யாகவே யேசு சபையில் புகுந்துவிட்டான்.

குருப்பட்டம் பெற்று 1673ல் இந்தியாவுக்குப் புறப்பட ஆயத்தமானபோது, தாயார் அதைத் தடுக்க எடுத்த முயற்சி கொஞ்சமல்ல. பாப்பரசரின் தூதுவர் வரைக்கும் போய் முறையிட்டார். விதவைத் தாய், கடைக்குட்டி மகன், திரும்பி வருவான் என்ற நிச்சயமில்லாத கடற்பயணம். அவரைக் குறைகூற யாருக்கு மனம் வரும்? மகன் அசையவில்லை. அவ்வருஷமே கோவாவுக்கு வந்து, அடுத்த வருஷம் மலைகளைக் கடந்து மதுரை மிஷனைச் சேர்ந்தார்.

மதுரை மிஷனைப்பற்றிச் சற்றுச் சொல்லாவிட்டால் பின்வருவது விளங்காது. 1606ல் மதுரைக்கு வந்த றொபேர்ட் தெ நொபிலி சுவாமிகள், பறங்கியர் மார்க்கம் என்று தமிழர் வெறுத்து ஒதுக்கிய வேதத்தை, காவி உடுத்து, மரக்கறி உண்டு, தமிழும் சமஸ்கிருதமும் கற்று, சந்நியாசியாய் வாழ்ந்து எடுத்துரைத்தார். உயர்குலத்தார் அவரிடம் வந்தனர். ஆனால் அவர்களோடு பழகுகிற சந்நியாசி, தாழ்ந்தவர் எனப்பட்ட மக்களின் குடிசைக்குள் போக முடியாது. ஆகவே 1640 முதல் பண்டாரசுவாமிகள் என்ற வேறொரு வகைக் குருமார் ஏற்பட்டனர். எக்குலத்தாரோடும் பழகத் தடையில்லாத சைவப் பண்டாரங்களைப்போல் அவர்கள் உடுத்தி வாழ்ந்தனர். அருளானந்தர் தெரிந்துகொண்டது இந்த வழியையே. காவித் துணி, தலைப்பாகை, கையிலே தடி, ஒருவேளைச் சோறும் கீரையும், படுக்கத் தரை. அரண்மனையிலே வளர்ந்த உடம்பு அதற்குப் பழகிக்கொண்டது. செஞ்சிப் பக்கத்திலும் தஞ்சைச் சீமையிலும் பத்து வருஷங்களுக்கு மேலாக இவ்வாறு அலைந்தார். சாதி வேற்றுமையை இந்த ஏற்பாடு ஒழித்துவிடவில்லை என்பதையும், அதற்கு இடங்கொடுத்தே நடந்தது என்பதையும் இன்று நாம் மறைக்க வேண்டியதில்லை. அன்றைக்கு ஏழைக் குடியானவனின் வாசலை மிதிக்கத் திறந்திருந்த வழி அது ஒன்றே.

இனி மறவர் நாடு. இராமநாதபுரத்திலே அப்போது அரசாண்டவர் கிழவன் சேதுபதி என்று பெயர்பெற்ற இரகுநாத சேதுபதி. போகலூரிலிருந்த தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றியவரும், மதுரை நாயக்கரின் மேலாட்சியை உதறியவரும் அவரே. வலிமையான அரசர். அவருடைய நாட்டிலே கிறிஸ்தவர்கள் இருந்தும் பல்லாண்டுகளாக ஒரு குருவும் போய்த் தங்கவில்லை. 1686ல் அருளானந்தர் துணிந்து போனார். சில கிழமைகளுக்குள்ளேயே பெருந்தொகையானோர் ஞானஸ்நானம் பெற்றனர். ஆடி மாதத்தில் சேதுபதியின் சேனாதிபதியால் உபதேசிமாருடன் பிடிக்கப்பட்டு, மங்கலம் என்ற இடத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்.

அங்கே நடந்ததை விரித்து எழுதக் கை கூசும். சிவன் பெயரை ஒருமுறை உச்சரித்தால் போதும், விட்டுவிடுகிறோம் என்றார்கள். அவர் மறுத்தார். கைகால்களைக் கட்டித் தண்ணீரில் அமிழ்த்தித் தூக்கினார்கள். மூச்சுப் போகுமுன் வெளியே எடுத்து மறுபடியும் கேட்டார்கள். வெயிலில் கொதிக்கும் கூர்ப்பாறைமேல் கிடத்தி மிதித்தார்கள். உபதேசியார் ஒருவருக்கு விழுந்த அடியில் கண் பிதுங்கிற்று. கைகால்களைத் துண்டித்துக் கழுவேற்றுவது என்று தீர்ப்பும் ஆயிற்று. அதற்குள் அரசர் இவர்களைத் தம்மிடம் அழைப்பித்தார். சுவாமிகள் போதிக்கும் கற்பனைகள் எவை என்று விசாரித்துக் கேட்டு, குற்றமொன்றும் காணாமல் உயிரோடு விட்டார். ஆனால் தமது நாட்டில் இனிப் போதிக்கக்கூடாது, மீறினால் தலைபோகும் என்று எச்சரித்தார். சேதுபதியைக் கொடுங்கோலனாக மட்டும் வர்ணிக்கும் நூல்கள் இந்த விடுதலையைச் சுருக்கமாகக் கடந்து போய்விடுகின்றன. அது நியாயமல்ல.

அதன்பின் மிஷனின் பிரதிநிதியாக 1687ல் அவர் லிஸ்பனுக்கு அனுப்பப்பட்டார். அதே வருஷம் கோவாவிலிருந்து இன்னொரு குரு, யோசேவ் வாஸ் அடிகள், தூத்துக்குடி வழியாய்க் கூலியாள் வேஷத்திலே ஒல்லாந்தரின் கண்ணுக்கு மறைந்து நமது கரையில் வந்து இறங்கினார். ஒருவர் இந்தக் கடலைவிட்டுத் தற்காலிகமாய்ப் போக, மற்றவர் இதே கடலைக் கடந்து வந்தார். 1658ல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த நாள்முதல் குருவின்றித் தவித்த நம் முன்னோர், பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் ஒரே காலத்தில் நடந்த இவ்விரு பாடுகளையும் எவ்வளவுக்கு அறிந்திருந்தனரோ.

லிஸ்பனிலே இளமைத் தோழர் பேதுரு இப்போது அரசர். தமது மகனுக்கு ஆசிரியராய் அரண்மனையிலேயே இருந்துவிடும்படி வேண்டினார். தாயாரும் உயிரோடிருந்தார். மெத்தையும் மாமிசமும் மேசையும் எதிரே இருக்க, அருளானந்தர் தரையிலே படுத்து, கீரையும் பழமும் உண்டு, மதுரைப் பண்டாரமாகவே அங்கும் இருந்தார். அரண்மனையிலே ஆசிரியராக இருக்கத் தக்கவர் பலர் உண்டு, மறவர் நாட்டுக்குப் போகிறவர் சிலரே என்பது அவருடைய எண்ணம். தாயாரிடம் இரண்டாவது தரமாக விடைபெற்று, 1690ல் புதிய குருமாரோடு கப்பலேறினார். வழியிலே நோய் புகுந்து கூட வந்தவர்களில் சிலரைக் கொண்டுபோயிற்று.

எச்சரிக்கையை மறந்து அவர் மறவர் நாட்டுக்குத் திரும்பவில்லை. நன்றாக நினைவில் வைத்துக்கொண்டே திரும்பினார். எல்லைக் காடுகளில் ஓலைக் குடிசை கட்டி, இரவோடிரவாக இடம் மாறி, தேடி வந்தவர்களுக்குப் பூசை ஒப்புக்கொடுத்து, பாவசங்கீர்த்தனம் கேட்டு வந்தார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை சோர்ந்து, பிறர் தாங்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று என்று சொல்வார்கள். சேதுபதிக்குச் செய்தி எட்டாமலிருக்க நியாயமில்லை. அவர் கண்டும் காணாதவர்போல் இருந்தார்.

அந்தப் பொறுமைக்கு முடிவு வந்தது தடியத்தேவர் என்ற பிரபுவால். இவர் முன்னொருகால் மறவர் நாட்டை ஆண்டு பதவியிழந்த குலத்திலே வந்தவர். ஆகையால் அரசருக்கு இவர்மேல் எப்போதும் ஒரு கண். கொடிய நோயிலே கிடந்தபோது, உபதேசியார் ஒருவர் வந்து சுவிசேஷம் வாசித்துச் செபிக்கச் சுகமடைந்தார். உடனே ஞானஸ்நானம் வேண்டுமென்று நின்றார். அருளானந்தர் அவசரப்படவில்லை. தேவருக்குப் பல மனைவியர். முதல் மனைவியைத் தவிர மற்றவர்களோடு தாம்பத்தியத்தை விட்டாலொழிய ஞானஸ்நானம் இல்லை என்று உறுதியாய்ச் சொன்னார். நாட்டின் பெரிய மனிதர் ஒருவர் திருச்சபையில் சேரக் காத்து நிற்கிறார். சிறிது விட்டுக்கொடுத்தால் எவ்வளவோ பாதுகாப்பு. வேறு எத்தனையோ காரியங்களில், உடையிலும் உணவிலும் வழக்கத்திலும், நாட்டோடு ஒத்துப்போன அதே மிஷன் இந்த ஒரு காரியத்தில் இம்மியும் அசையவில்லை.

தேவர் சம்மதித்தார். மற்றவர்களை அழைத்து, இனி அவர்களைச் சகோதரிகளாய்ப் பாவித்து, சீவியத்துக்குக் குறைவில்லாமல் பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தார். எல்லாரிலும் இளையவள் கடலாயி. அவள் சேதுபதியின் உறவுப் பெண். அழுதாள், மன்றாடினாள், பலிக்காமற்போகவே அரசரிடம் போய் முறையிட்டாள்.

கடலாயியை ஏரோதியாளோடு ஒப்பிட்டுப் பிரசங்கிப்பது வழக்கம். அருளப்பரின் தலையைக் கேட்டவளும் அருளானந்தரின் தலையைக் கேட்டவளும் ஒன்றென்று சொல்லப் பொருத்தமாய்த்தான் இருக்கிறது. ஆயினும் அந்தப் பெண்ணின் நிலையிலிருந்து ஒருதரம் பார்க்கவேண்டும். ஏரோதியாள் அறிந்தே பாவத்தில் இருந்தவள். கடலாயியோ தன் நாட்டு முறைப்படி, பெரியோர் கொடுக்க, தாலி பெற்று வந்தவள். ஒருநாட் காலையில் அவள் மனைவியல்ல, சகோதரி என்று சொல்லப்பட்டது. அவள் செய்த குற்றம் என்ன? அந்தக் காலத்து மறவர் அரண்மனையிலே பெண்ணின் கதி என்னவென்பதற்கு வேறு சாட்சியும் உண்டு. 1710ல் கிழவன் சேதுபதி இறந்தபோது அவருடைய மனைவியர் 47 பேர் உடன்கட்டை ஏறினார்கள் என்று யேசு சபைக் குருமாரின் கடிதங்கள் சொல்கின்றன. 47 பேர்! இப்படி ஒரு ஆணின் உடைமையாய்ப் பெண்கள் எண்ணப்பட்ட இடத்திலே, ஒருவனுக்கு ஒருத்தி என்று போதித்தவர் பெண்ணினத்துக்குப் பெரிய நன்மை செய்தார் என்பதில் ஐயமில்லை. அந்த நன்மைக்கு முதல் விலையைக் கொடுத்தவர்களில் கடலாயியும் ஒருத்தி. இரண்டையும் சேர்த்தே நினைப்பதுதான் நேர்மை.

1693ம் ஆண்டு தை மாதம் 6ம் திகதி, மூன்று இராசாக்கள் திருநாளிலே, தடியத்தேவர் பலரோடு ஞானஸ்நானம் பெற்றார். இரண்டே நாளில், 8ம் திகதி, அரசரின் ஆட்கள் வந்து அருளானந்தரைப் பிடித்தார்கள். உறவுப் பெண்ணுக்கு நேர்ந்த அவமானம், கோவிலாரின் முறைப்பாடு, எதிரிக் குலத்தவர் கிறிஸ்தவர்களின் பலத்தோடு எழும்பக்கூடும் என்ற அச்சம் எல்லாம் ஒன்றுசேர்ந்து அரசரின் மனதை மாற்றிவிட்டன. தடியத்தேவர் இராமநாதபுரத்துக்கு வந்து தைரியமாய்க் குருவுக்காக வாதாடினார். தலைநகரிலே கொன்றால் கலகம் உண்டாகும் என்று எண்ணிய சேதுபதி, அருளானந்தரை ஓரியூரிலே அதிகாரஞ்செலுத்திய தம் சகோதரரிடம் அனுப்பி, அங்கே காரியத்தை முடிக்கும்படி கட்டளையிட்டார்.

ஓரியூர்ச் சிறையிலிருந்து அவர் மிஷனிலிருந்த சகோதரக் குருமாருக்குக் கடிதம் எழுதினார். பேனா இல்லை, மை இல்லை. கரியைத் தண்ணீரில் கரைத்து, வைக்கோல் துரும்பால் எழுதினார். தம்மேல் சுமத்தப்பட்ட குற்றம் தேவனுடைய கற்பனையைப் போதித்ததும் விக்கிரக வழிபாட்டைத் தடுத்ததுமே என்றும், அது குற்றமானால் சாவது தமக்குச் சந்தோஷமே என்றும் அதில் கண்டிருக்கிறது. பெரிய சொற்களில்லாத கடிதம் அது.

மறுநாள் மாசி 4ம் திகதி. அந்த வருஷம் அது விபூதிப் புதன்கிழமை. தேவாலயங்களிலே கிறிஸ்தவர்களின் நெற்றியில் சாம்பல் பூசப்பட்ட அதே நாளில், பாம்பாற்றங்கரையில் ஒரு மேட்டுக்கு அவரைக் கொண்டுபோனார்கள். முழந்தாளிட்டுச் செபித்தார். எழுந்து, வாளோடு நின்றவனை அணைத்து, அவன் தன் கடமையைச் செய்யலாம் என்று தெரிவித்தார். கழுத்திலே அவர் கட்டியிருந்த அருளிக்கச் சிமிழைக் கண்டு, அது மந்திரத் தாயத்தென்று பயந்து, கையால் தொடாமல் வாளாலேயே அதன் கயிற்றை அறுத்தான் என்றும், அதில் உடம்பிலும் காயம் பட்டதென்றும் கூறுவர். பின்பு தலையை வெட்டினான். கைகால்களும் துண்டிக்கப்பட்டன. உடலைக் கம்பத்திலே கட்டித் தூக்கிவிட்டுக் காவல் வைத்தார்கள். காட்டு மிருகங்களும் பறவைகளும் விட்டுவைத்த எலும்புகளைக் கிறிஸ்தவர்கள் பின்னர் இரகசியமாய்ப் பொறுக்கி எடுத்தார்கள். அவருக்கு இன்னும் 46 வயது நிறையவில்லை.

செய்தி லிஸ்பனுக்கு எட்ட நெடுநாள் சென்றது. அரசர் பேதுரு, இறந்த தோழரின் தாயாரை அரண்மனைக்கு அழைத்தார். அந்த அம்மை துக்க உடையோடு வரவில்லை. அரசரின் விருப்பப்படி திருநாள் உடையோடு வந்து அமர்ந்தார். இருபது வருஷங்களுக்கு முன் பாப்பரசரின் தூதுவரிடம் போய் மகனைத் தடுக்கப் பார்த்த அதே தாய்.

வேதசாட்சியாய் மரித்தவருக்குப் பீட மகிமை கிடைக்க அதிக காலம் செல்லாதென்று யாரும் எண்ணியிருப்பர். ஆனால் மதுரை மிஷனார் அனுமதித்த நாட்டு வழக்கங்கள் சரியா பிழையா என்ற பெரும் வாதம் றோமாபுரியிலே எழுந்து, அருளானந்தரின் காரியமும் அதிலே சிக்கிக்கொண்டது. பண்டாரமாய் உடுத்தியவர், தமிழர் வழக்கங்களுக்கு இடங்கொடுத்தவர், விசுவாசத்துக்காகவே மரித்தார் என்று எப்படிக் கொள்வது என்று எதிர்த்தோர் கேட்டனர். 14ம் ஆசீர்வாதப்பர், 1741ல், அது தடையாகாது என்று தீர்ப்பளித்தார். வழக்கங்களைப்பற்றிய தீர்ப்பு 1744ல் வேறாக வந்தது. அதில் அவற்றிற் பல கண்டிக்கப்பட்டன. பின்னும் நூறு வருஷத்துக்கு மேல் சென்று, 1853ம் ஆண்டு ஆவணி 21ம் திகதி 9ம் பத்திநாதர் அவரை முத்திப்பேறு பெற்றவர் என அறிவித்தார். 1947ம் ஆண்டு ஆனி 22ம் திகதி 12ம் பத்திநாதர் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். வெட்டுண்ட நாளிலிருந்து 254 வருஷங்கள்.

ஓரியூர் மக்கள் அந்தத் தீர்ப்புகளுக்காகக் காத்திருக்கவில்லை. அவர் இரத்தம் விழுந்த மேட்டை அவர்கள் முதலிலிருந்தே கண்டுகொண்டார்கள். முதலில் சிலுவை, பின்பு கோவில், பின்பு இன்று காணும் ஆலயம் என வளர்ந்தது. 1987 முதல் அது சிவகங்கை மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. மாசி 4ம் திகதித் திருநாளுக்குப் பெருந்திரளான சனம் கூடும். நம்மவருக்கு மடுவிலே கொட்டில் அடித்துத் தங்கி, சமைத்து உண்டு, செபமாலை சொல்லிப் பழக்கம் இருப்பதால் அந்தக் காட்சி புதுமையாகத் தோன்றாது. ஆனால் மடுவில் காணாத சிலவற்றை அங்கே காணலாம். நேர்த்திக்காக முடி இறக்குவர். ஆடும் கோழியும் நேர்ந்து கொண்டுவந்து, அறுத்துச் சமைத்து, சாதி மதம் பாராமல் வந்தவர்களோடு பகிர்ந்து உண்பர். மரக்கறியே உண்டு சந்நியாசியாய் வாழ்ந்தவரின் வாசலில் கிடாய் அறுக்கிறார்களே என்று சிலர் முகஞ்சுளிப்பர். அந்தப் பந்தியிலே யார் யார் ஒன்றாய் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தால் அவர்களுக்கும் மனம் சற்று இளகும்.

நேர்த்தி கொண்டுவருவோரில் கிறிஸ்தவர் அல்லாதார் பலர். அவர்களில் மறவர் குலத்தாரும் உண்டு. அவர் யாருடைய நாட்டிலே, யாருடைய கட்டளையால் வெட்டப்பட்டார் என்பதை அவர்கள் அறியாதவர்களல்லர். பிள்ளைகளுக்கு மொட்டையடித்து, சந்தனம் பூசி, அந்தச் செம்மண்ணிலே ஒரு பொட்டு எடுத்து நெற்றியில் இட்டு, ஆலயத்தைச் சுற்றி வருகிறார்கள்.